உண்ணி டாக்டரின் இரண்டாவது வாசல்

என் சித்தியைத் தெருவில் எல்லோரும் உண்ணி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். ஆனால் சித்தி அதைக் கேலியாக எடுத்துக்கொண்டால்தானே? ஒருநாள் மருந்துக்கடையில் கூட்டம். கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "உண்ணி டாக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் வழி விடுங்கப்பா" என்று நக்கலடித்தார். சித்தி உடனே, "ஆமா, நகருங்க, அவசர கேஸ்" என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். அதோடு அந்தப் பெயரில் இருந்த கேலி போய்விட்டது.

நாய்க்கும் பூனைக்கும் உண்ணி எடுப்பதும், தெள்ளுப்பூச்சி போக மருந்து போடுவதும்தான் சித்தியின் தொழில். கால்நடை டாக்டரம்மா ஒருவரின் சின்ன ஆஸ்பத்திரியில், பக்கவாட்டு அறை ஒன்றில் அதைச் செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படிப்பதற்காகச் சித்தி வீட்டில் வந்து தங்கினேன். படிப்பு முடிந்த பிறகும், வேலை தேடுகிறேன் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறேன். சித்தி என்னைப் "பட்டதாரி" என்றுதான் கூப்பிடுவாள். "அடியே பட்டதாரி, அந்த வாளிய எடு" என்பாள். அதில் குத்தல் இருக்கிறதா, பெருமை இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒருவேளை இரண்டும் பாதிப் பாதியாக இருக்கலாம்.

சித்தி முன்பு வீடுகளில் துடைத்துப் பெருக்கும் வேலை பார்த்தாள். அதில் ஒரு வீட்டில் வயதான நாய் ஒன்று இருந்தது. நாள் முழுவதும் காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தது. வீட்டுக்காரர்கள் பவுடர் வாங்கித் தூவிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தார்கள். ஒருநாள் சித்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து காது மடலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கொத்துமல்லி விதையை அப்பி வைத்தாற்போல உண்ணி. புருவம் திருத்தும் இடுக்கியை வாங்கி, ஒவ்வொன்றையும் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுங்காமல், திருகாமல், நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். பாதி வேலையிலேயே நாய் அவள் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டதாம். "என் வாழ்க்கைல நான் தொட்டதும் ஒருத்தர் நிம்மதியா தூங்கினது அன்னிக்குத்தான்" என்று சித்தி இதைச் சொல்லும்போதெல்லாம், ரொட்டி வேன் ஓட்டும் சித்தப்பா, "அப்போ நான் யாரு?" என்று கேட்பார். "நீங்க தொடாமலே தூங்கறவரு" என்பாள்.

அந்த நாய்க்கு ஊசி போட வந்த டாக்டரம்மாதான் சித்தியின் கையைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். முதலில் கூட்டித் துடைத்தாள். பிறகு நாய்களைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உண்ணி வேலை முழுக்க அவள் தலையில் வந்து விழுந்தது. இந்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், பழைய கூண்டுகளைப் போட்டு வைத்திருந்த பக்க அறையை டாக்டரம்மா காலி செய்து கொடுத்தார். "மழை முடியற வரைக்கும் நீயே நடத்திப் பாரு. ஜனங்க உன்ன நம்பி வந்தா ரூம் உனக்குத்தான். இல்லேன்னா திரும்ப கூண்ட உள்ள தள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், ஊசி மாதிரி.

சித்தி அந்த அறையை ஆண்ட விதத்தை நான் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். ஒரே வாசல், அது நேராகக் காத்திருக்கும் கூடத்தில் திறக்கும். ஒரு ஜன்னல். நடுவில் ரப்பர் விரித்த மேஜை. எடை பார்க்காமல் மருந்தைத் தொட மாட்டாள். "கண்ணளவுல போட இது என்ன கொழம்புக்கு உப்பா?" என்பாள். சொட்டு மருந்து போடும்போது கழுத்துக்குப் பின்னால், நாக்கு எட்டாத இடத்தில், சீப்பின் வாலால் முடியைப் பிளந்து, தோல் வெள்ளையாகத் தெரியும்வரை காத்திருந்து, அந்தக் கோட்டில் மட்டும் விடுவாள். முடியில் பட்டால் மருந்து வீண், நாக்கில் பட்டால் ஆபத்து.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி உண்டு. யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள்.

"வீட்ல யாரு யாரோட தூங்குவாங்க?"

புதிதாக வருபவர்கள் திகைத்துப்போவார்கள். ஒரு புதுமாப்பிள்ளை முகம் சிவந்து மனைவியைப் பார்த்தார். சித்தி சிரிக்காமல், "உங்க கதை வேணாம் தம்பி. நாய் கூட பூனை படுக்குமா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். நாய்க்குப் போடும் சில சொட்டு மருந்துகளில் இருக்கும் சரக்கு பூனைக்கு விஷம். பூனைக்கு அதைப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து காய்வதற்குள் அந்த நாயோடு ஒட்டிப் படுத்தாலோ, நாயை நக்கினாலோ போதும். அதனால்தான் அந்தக் கேள்வி. பூனையும் இருக்கும் வீடு என்றால் நாய்க்கு வேறு மருந்து, இல்லையென்றால் மாத்திரை.

சித்தி வீட்டில் நாய் கிடையாது. ஒரு பூனை உண்டு. மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரும் செய்வதை உயரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் சித்தப்பா வைத்த பெயர்.

மழை முடியும் தறுவாயில் ஒருநாள் காலை, எங்கள் தெருத் தையல்காரம்மா அறைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய நாய்க்கான சொட்டு மருந்துக் குழாய். அவர் தம்பி வீட்டில் மிச்சமிருந்ததாம்.

"டாக்டரே, இதுல பாதிய மட்டும் என் பூனைக்குப் போட்டுவிடு. நாய் பெருசு, பூனை சின்னது. கணக்கு சரியா வரும்" என்றார்.

"துணின்னா வெட்டிக் குடுக்கலாம் டெய்லரம்மா. இது துணி இல்ல. பாதி போட்டா பூனை பாதியா சாகாது, முழுசாத்தான் சாகும்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தையல்காரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "ஒரு வார்த்த கேட்டா இப்படியா நாலு பேர் முன்னாடி... ரொம்பத்தான் தெரிஞ்ச மாதிரி" என்று முனகிக்கொண்டே எழுந்தார்.

"கோவிச்சுக்காத. சாயங்காலம் பூனைய தூக்கிட்டு வா. பூனை மருந்து வாங்கி வெக்கிறேன்" என்று சித்தி பின்னாலிருந்து கத்தினாள்.

அடுத்து வந்தவர் ஜிம் மாஸ்டர். தோளில் உலகத்தையே தூக்கிவிடுவார் போல இருப்பவர், கன்றுக்குட்டி அளவில் ஒரு நாயோடு வந்தார். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அவருக்குப் பயம்.

"கடிக்காதுல்ல அக்கா?"

"உங்க நாய், என்னைக் கேக்கறீங்க?"

வீட்டில் பூனை இல்லை என்று மூன்றுவிதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மருந்தைத் திறந்தாள். முடியைப் பிளந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த நாய் தலை முதல் வால் வரை ஒரு உதறு உதறியது. ஜிம் மாஸ்டர் கதவுக்கு வெளியே போய்விட்டார். மருந்தில் பாதி சித்தியின் ஏப்ரனில். அவள் அசரவில்லை. நாயின் தாடையைக் கையில் ஏந்தி, "முடிஞ்சுதா? நடனம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். நாய் அவள் காலடியில் உட்கார்ந்தது. இன்னொரு குழாய் திறந்து, மீதி எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் விட்டாள்.

கூடத்தில் கை தட்டாத குறை. டாக்டரம்மாகூடத் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வாரம் ரூம் விஷயத்த பேசி முடிச்சுடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தியின் கால் தரையில் படவில்லை.

தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏப்ரனைக் கொண்டுபோய்ச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிவிட்டு, முழங்கை வரை கழுவிய பிறகுதான் ஆளோடு பேசுவாள். அன்று வாசலிலேயே கதை ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சித்தி சுருட்டிக் கொண்டுவந்த ஏப்ரனை அழுக்குத்துணிக் கூடையின்மேல் போட்டாள். கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்தாள். நாய் எப்படி உதறியது என்று இடுப்பை ஆட்டிக் காட்டினாள். ஜிம் மாஸ்டர் ஓடியதை ஓடிக் காட்டினாள். டாக்டரம்மா சொன்னதை, டாக்டரம்மாவின் குரலிலேயே மறுபடி மறுபடி சொன்னாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "அப்போ ரூமு வந்த மாதிரிதான்" என்றார் சித்தப்பா. "வந்த மாதிரி என்ன, வந்தாச்சு" என்றாள். அந்தச் சந்தோஷத்திலேயே சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் நான்தான் முதலில் பார்த்தேன். மேனேஜர் துணிக் கூடையிலிருந்து இறங்கி வந்தது. நடை சரியில்லை. ஈரத்தில் கால் வைத்ததுபோல முன்னங்காலை உதறியது. காது தானாகத் துடித்தது. வாயோரம் எச்சில் நூலாக வழிந்தது. "சித்தி, மேனேஜரப் பாரேன், என்னமோ பண்ணுது" என்றேன்.

சித்தி வந்து பார்த்தாள். பூனையைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். சுருண்டு கிடந்த ஏப்ரனின் நடுவில், பூனை படுத்த பள்ளம் அப்படியே இருந்தது. குனிந்து முகர்ந்தாள்.

நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் மட்டும் வேலைக் குரல்தான். "பட்டதாரி, பாத்திரம் கழுவற சோப்பு எடு. வெதுவெதுன்னு தண்ணி. சூடா வேணாம், சூடு பட்டா தோலு மருந்த இன்னும் உள்ள இழுக்கும். கையில கிளவுஸ் மாட்டிக்கோ."

நான் பிடித்துக்கொள்ள அவள் கழுவினாள். கையில் மேனேஜரின் உடம்பு முழுவதும் சின்னச் சின்னதாக அதிர்ந்துகொண்டே இருந்தது, ஓடும் மோட்டாரைப் பிடித்தாற்போல. கீறக்கூட அதற்குத் தெம்பில்லை. துவட்டி, கம்பளியில் சுற்றினாள். பூனையைப் படுக்க வைக்க, சித்தப்பா ரொட்டி அடுக்கும் தட்டு ஒன்றைக் காலி செய்து வேனில் வைத்திருந்தார்.

வேனைக் கிளப்பியவர் கியரைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு, சித்தியைப் பார்க்காமலே சொன்னார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அங்க நம்மள யாருக்கும் தெரியாது."

அவர் என்ன சொல்கிறார் என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. இந்த நேரம் டாக்டரம்மாவின் கூடம் நிறைந்திருக்கும். பாதிப் பேர் சித்தியைத் தேடி வந்தவர்கள். அவர்கள் நடுவே, நாய் மருந்தில் விஷமேறிய தன் பூனையைத் தானே தூக்கிக்கொண்டு உண்ணி டாக்டர் நடந்து போக வேண்டும். அறை யாருக்கு என்று முடிவாகும் வாரம் இது. ஜனங்கள் நம்பி வந்தால்தான் அறை.

"வண்டிய எடுங்க" என்றாள் சித்தி.

"எந்தப் பக்கம்?"

"எப்பவும் போற பக்கம்."

இதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. இதை நேர்மை என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் அது நேர்மைதானா, அல்லது பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி என்பதாலா? பின்னால் ஒருநாள் அவளிடமே கேட்டேன். "ரெண்டும் இல்லடி. துடிப்ப நிறுத்தற மருந்து டாக்டரம்மா எந்த டிராயர்ல வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரில எனக்கு என்ன தெரியும்?" என்றாள். அதனால் இந்த முடிவுக்கு நான் பெரிய பெயர் எதுவும் வைக்கவில்லை. அடுத்து நடந்ததற்குத்தான் வைக்க வேண்டும்.

கூடம் நிறைந்திருந்தது. சித்தி ரொட்டித் தட்டோடு நுழைந்ததும் பேச்சு அடங்கியது. டாக்டரம்மா உள்ளே ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். உதவியாள் ஓடிப்போய்ச் சொன்னான். அந்தச் சின்ன இடைவெளியில்தான் தையல்காரம்மா எழுந்து வந்தார். கையில் கூடை, அதற்குள் அவர் பூனை. கம்பளிக்குள் எட்டிப் பார்த்தவரின் முகத்தில் காலையில் இருந்த கோபம் காணோம்.

"அய்யய்யோ, நம்ம மேனேஜரா? வலிப்பா? சில பூனைக்கு வரும். எங்க மாமியார் வீட்டுப் பூனைக்குக்கூட வந்துச்சு, பாவம்."

எவ்வளவு சுலபமான வழி! ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. உள்ளே போய் டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தலையாட்டியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

"வலிப்பு இல்ல டெய்லரம்மா" என்றாள் சித்தி. அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. கூடம் முழுக்கக் கேட்டது. "நாய் மருந்து. காலைல என் ஏப்ரன்ல தெறிச்சது. துவைக்காம கூடை மேல போட்டுட்டேன். இது அதுமேல படுத்துருச்சு. காலைல உன்கிட்ட விஷம்னு சொன்னேன்ல, அதேதான்."

 ஒரு நாய் சங்கிலியை இழுத்தது. பிறகு மூலையிலிருந்து ஒருவர், "உண்ணி டாக்டர் வீட்லயேவா?" என்று சொல்லிச் சிரித்தார். பூனைக் கூடை வைத்திருந்த இன்னொருவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே போய்விட்டார். சித்தி அவர் போவதைப் பார்த்தாள். திரும்பக் கூப்பிடவில்லை.

உள்ளே டாக்டரம்மா கேட்டதெல்லாம் என்ன மருந்து, எப்போது பட்டது, கழுவியாச்சா என்பது மட்டும்தான். சித்தி பதில் சொல்லிக்கொண்டே சரியான டிராயரைத் திறந்துவிட்டாள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, மேனேஜரைக் கூண்டில் படுக்க வைத்தார்கள். "இதுக்கு மாத்து மருந்து கிடையாது. துடிப்ப அடக்கி வெச்சுக்கிட்டே இருக்கணும். உடம்பு தானா வெளியேத்தினாத்தான் உண்டு" என்றார் டாக்டரம்மா. அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேனேஜர் கூண்டில் கிடந்த நாட்களில் சித்தி தன் அறையைத் திறக்கவில்லை. டாக்டரம்மா மூடச் சொல்லவில்லை; இவளாகத்தான். கூண்டுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருப்பாள். பூனையின் கால் துடித்தால் டாக்டரம்மாவைக் கூப்பிடுவாள், துடிக்காவிட்டால் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பாள். "எத்தன வீட்ல கேட்டிருப்பேன், யாரு யாரோட தூங்குவாங்கன்னு. என் வீட்ல நான் கேக்கலியே" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். "சும்மா இரு. ஆறுதல் சொன்னா மறந்துடுவேன். மறக்கக் கூடாது" என்றாள்.

துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு காலையில் நான் டீயோடு போனபோது, சித்தி கையை உதறிக்கொண்டு நின்றாள். புறங்கையில் நீளமாக ஒரு கீறல், ரத்தம் எட்டிப் பார்த்தது.

"கீறிட்டான்!" என்றாள். ஏதோ பரிசு வாங்கியவள் போல அந்தக் கையைத் தூக்கி டாக்டரம்மாவிடமும், உதவியாளிடமும், ஊசிக்கு வந்த ஒரு ஆட்டுக்காரரிடமும் காட்டினாள். மேனேஜர் கூண்டின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சித்தி அறைக்குள் போய்த் தன் சாமான்களை எடுக்க ஆரம்பித்தாள். சீப்புகள், இடுக்கிகள், எடை மிஷின், ரப்பர் விரிப்பு. நான் தடுக்கவில்லை, எதைச் சொல்லித் தடுப்பது? விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார்.

"எங்க தூக்கிட்டுப் போற?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே..."

"நான் சொல்றது இருக்கட்டும். இனிமே இது நடக்காம இருக்கணும்னா இந்த ரூம்ல என்ன மாத்தணும்? அதச் சொல்லு."

சித்தி விரிப்பைக் கக்கத்தில் இடுக்கியபடியே நின்றாள். வாளியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அதைத்தான் யோசித்திருக்கிறாள் போலிருக்கிறது. தடையே இல்லாமல் வந்தது. ஏப்ரன் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இங்கேயே ஆணி, இங்கேயே வாளி. நாய்க்கு நீல ஏப்ரன், பூனைக்கு மஞ்சள். காலையில் முதலில் பூனைகள், எல்லாப் பூனையும் போன பிறகுதான் நாய் மருந்து அலமாரியின் பூட்டைத் திறக்க வேண்டும். கடைசியாகக் கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னொன்னும் இருக்கு. ஆனா அது செலவு புடிச்ச வேல. கேக்கக் கூடாது."

"கேட்டாத்தானே தெரியும்."

"இந்த ஒரே வாசல்லதான் மருந்து போட்ட நாயும் வெளிய வருது, பூனையும் உள்ள போகுது. அந்தக் கூடத்துல ரெண்டும் ஒரசிக்கிட்டு உக்காந்திருக்கு. அந்தச் செவத்துல ஒரு வாசல் வெச்சா, நாய் அப்படியே தெருப்பக்கம் போயிடும்."

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார்.

நாங்கள் இருவரும் அந்த "ம்"மை வீடு வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நான் படித்த படிப்பு எதுவும் அதற்குப் பொருள் சொல்ல உதவவில்லை. சித்தப்பாவோ, "ம்னா ம்தான்" என்று சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் நாங்கள் போனபோது கொத்தனார் வந்திருந்தார். பக்கச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் நீள்சதுரமாகக் கோடு போட்டுவிட்டு, உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "இந்த ரூமு யாருதும்மா? வாசல் எந்தப் பக்கம் தொறக்கணும்னு கேட்டுக்கச் சொன்னாங்க டாக்டரு" என்றார்.

சித்தி அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள்.  போய்விடப் போகிறவளுக்காக யாரும் சுவரை இடிக்க மாட்டார்கள் அல்லவா? முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"என்னுதுதான்" என்றாள். "வெளிப்பக்கமாத் தொறக்கட்டும். நாய் உதறினா ஜிம் மாஸ்டர் ஓட எடம் வேணும்."

புழுதி பறக்கச் சுவர் உடைந்தது. தெரு வெளிச்சம் முதன்முறையாக அந்த மேஜைமேல் விழுந்தது. சித்தி ஒவ்வொரு கல் விழும்போதும் பக்கத்தில் நின்றாள். அவள் போட்ட சத்தத்தில் கொத்தனார், "வேல செய்யறது நானா நீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அறைக்கு மாட்டப் புதிதாகச் செய்த பெயர்ப்பலகையின் அடியில் என்னை ஒரு வரி எழுதச் சொன்னாள். "நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "யாரோ ஆபீசர் சொல்ற மாதிரி இருக்கு. நான் சொல்ற மாதிரி எழுது" என்றாள். இப்போது இப்படி இருக்கிறது: "நாய் மருந்து பூனைக்கு விஷம். சந்தேகம் இருந்தால் எங்கள் வீட்டு மேனேஜரைக் கேட்கவும்." முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. தப்பை யாராவது பலகையில் எழுதி மாட்டுவார்களா? ஆனால் அந்த வரியின்கீழ் நின்று மனிதர்கள் சிரிப்பதையும், பிறகு சிரிப்பை நிறுத்தி, கையில் இருக்கும் குழாயைத் திருப்பிப் பார்ப்பதையும் பார்க்கப் பார்க்க, நான் எழுதியதிலேயே உருப்படியான வாக்கியம் இதுதானோ என்று தோன்றுகிறது. என் கையெழுத்து, அவள் வார்த்தை. இதில் நான் பெருமைப்பட எவ்வளவு பங்கு இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாமலேதான் பெருமைப்படுகிறேன்.

அன்று எழுந்து போன மனிதர் திரும்பி வரவேயில்லை. அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். சித்தி அதைப் பற்றிக் குறை சொல்வதும் இல்லை.

புதுக் கதவு போட்ட பிறகு முதல் காலை. பூனைகளின் நேரம். மஞ்சள் ஏப்ரன் கட்டிக்கொண்டு சித்தி மேஜைக்குப் பின்னால் நின்றாள். முதல் ஆளாகத் தையல்காரம்மா வந்தார், கூடையோடு. மேஜைமேல் கூடையை வைத்தார், ஆனால் மூடியைத் திறக்கவில்லை.

"வா டெய்லரம்மா. வீட்ல யாரு யாரோட..."

"நிறுத்து" என்றார் தையல்காரம்மா, மூடிமேல் கையை வைத்துக்கொண்டு. "மொதல்ல நீ சொல்லு. உன் வீட்ல யாரு யாரோட தூங்குறாங்க?"

 கூடத்தில் சிலர் கழுத்தை நீட்டினார்கள்.

சித்தி நிமிர்ந்து நின்றாள். கூடத்துக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் சுவத்தோரம். பட்டதாரி ஹால்ல, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு. மேனேஜர் என் தலைமாட்டுல." பிறகு, அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நீல ஏப்ரனைக் கையால் காட்டினாள். "இது, இந்த ஆணியில."

தையல்காரம்மா ஆணியைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். புதுக் கதவைப் பார்த்தார். பிறகு கூடையின் மூடியைத் திறந்தார்.